சிறைக்கதவுக்கு அப்பால்: சிங்கப்பூரில் கைதிகளின் மறுவாழ்வு

தண்டனை முடிந்து வெளியே வரும் கைதியை என்ன செய்வது என்ற கேள்வி, சிங்கப்பூரில் ஆங்கிலேயர் கொடி ஏறிய ஆறாவது ஆண்டிலேயே எழுந்துவிட்டது. 1825 ஏப்ரல் 18ஆம் நாள், சுமத்ராத் தீவின் பென்கூலனிலிருந்து புறப்பட்ட கப்பலொன்று 80 கைதிகளை அங்கே இறக்கியது. அவர்கள் சென்னை மாகாணத்தில் தீவாந்தர தண்டனை பெற்றவர்கள். ஒரு வாரம் கழித்து வங்காளத்தைச் சேர்ந்த 122 பேர் வந்து சேர்ந்தார்கள். 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பென்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போனதால், அங்கிருந்த கைதிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் மாற்றியது. அதன் பிறகும் பல ஆண்டுகள் இந்தியாவிலிருந்து கைதிகள் வந்துகொண்டே இருந்தார்கள். இலங்கை, பர்மா, ஹாங்காங் ஆகிய இடங்களிலிருந்தும் சிலர் அனுப்பப்பட்டார்கள்.

இவர்களை நடத்தும் முறைக்கு அடித்தளம் பென்கூலனிலேயே போடப்பட்டிருந்தது. அங்கே துணை ஆளுநராக இருந்த ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ், கைதிகளை மூன்று வகுப்பாகப் பிரித்தார். நன்னடத்தை உள்ளவர்கள் முதல் வகுப்பு. அவர்கள் நிலம் பெற்றுக் குடியேறலாம், நீதிமன்றத்தில் சாட்சியும் சொல்லலாம். இரண்டாம் வகுப்பினருக்குச் சாதாரண வேலை. மூன்றாம் வகுப்பினருக்குக் கடும் உழைப்பு. எல்லாக் கைதியையும் ஒரே கூட்டமாகப் போட்டு அடைத்தால் திருந்த விரும்புகிறவனுக்கும் வழி இல்லாமல் போய்விடும் என்பது ராஃபிள்ஸின் எண்ணம். ஊர் திரும்பும் நம்பிக்கை அற்றுப்போன மனிதனுக்கு, போன இடத்திலேயே ஒரு வாழ்க்கை அமையலாம் என்ற நம்பிக்கையை அந்த முதல் வகுப்பு கொடுத்தது.

சிங்கப்பூரில் இது இன்னும் விரிவாக வளர்ந்தது. அதற்குக் கருணை மட்டும் காரணமில்லை. சுங்கவரி இல்லாத துறைமுகம் என்பதால் அரசுக்கு வருமானம் குறைவு. சதுப்பு நிலத்தை மேடாக்க வேண்டும், காட்டை வெட்டிச் சாலை போட வேண்டும், பாலம் கட்ட வேண்டும். கூலி கொடுக்கப் பணமில்லை. 1833இல் பொதுப்பணிக்கும் கைதிகளுக்கும் மேற்பார்வையாளராக அமர்ந்த கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கோல்மன், கைதிகளைக் கொண்டே நகரத்துக்கு உருக்கொடுக்கத் தொடங்கினார். ஆளுநர் பட்டர்வொர்த் காலத்தில், 1845இல், விதிகள் தொகுக்கப்பட்டன. மூன்று வகுப்பு ஆறாகியது. புதிதாக வந்தவன் காலில் விலங்கோடு கீழ்ப்படியில் தொடங்குவான். நடத்தை சீராக இருந்தால் விலங்கு கழலும், சாலை வேலையிலிருந்து கைத்தொழிலுக்குப் போவான், பிறகு மருத்துவமனையிலோ அரசு அலுவலகத்திலோ பொறுப்புப் பெறுவான். மேல்படியில் இருப்பவனுக்கு விடுப்புச் சீட்டு கிடைக்கும். அதை வைத்திருப்பவன் வெளியே வீடு எடுத்துத் தங்கலாம், சொந்தமாகத் தொழில் செய்யலாம். குறித்த நாளில் வந்து பெயர் கொடுத்துவிட்டுப் போனால் போதும். முதியவர்களும் உடல் நலிந்தவர்களும் தனி வகுப்பு.

சிறையைக் காத்தவர்களும் கைதிகள்தாம். ஐரோப்பியக் காவலர்களை வைத்துக் கட்டுப்படியாகாது என்பதால், நன்னடத்தைக் கைதிகளையே தண்டல், தபேதார் என்று நியமித்து மற்றவர்களைக் கண்காணிக்கச் சொன்னார்கள். சென்னைப் பீரங்கிப் படையிலிருந்து வந்து 1857 முதல் கைதிகள் துறையை நடத்திய மேஜர் மக்நாயர், டபிள்யூ. டி. பேலிஸுடன் சேர்ந்து 1899இல் வெளியிட்ட நூலுக்கு ‘கைதிகளே தங்கள் காவலர்கள்’ என்ற பொருளில் ஆங்கிலப் பெயர் வைத்தார். பிராஸ் பாசாவில் இருந்த சிறைக்குள் தச்சு, கொல்லு, தையல், நெசவு, அச்சுவேலை எல்லாம் நடந்தன. மக்நாயர் சில கைதிகளுக்குப் புகைப்படக் கலையும் கற்றுக்கொடுத்தார். சிராங்கூன் சாலைப் பக்கம் செங்கல் சூளை இருந்தது.

அந்தக் கைவேலையை இன்றும் நேரில் பார்க்கலாம். 1856இல் அடிக்கல் நாட்டி 1861இல் வழிபாட்டுக்குத் திறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். வரைபடம் போட்டவர் கர்னல் ரொனால்ட் மக்பர்சன். அவரும் சென்னைப் பீரங்கிப் படைக்காரர். உட்சுவருக்கும் தூண்களுக்கும் அவர்கள் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு. சிப்பிச் சுண்ணாம்பைக் குழைத்து, முட்டையின் வெள்ளைக்கருவையும் வெல்லத்தையும் அடித்துச் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுப் பசையாக்குவார்கள். பூசிக் காய்ந்த பிறகு படிகக் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இந்த வழவழப்பு புதிதல்ல. கொத்தனார் குடும்பங்களின் இந்த வித்தை, குற்றவாளி என்று கடல் கடத்தப்பட்டவர்களின் கைவழியாக ஓர் ஆங்கிலேயத் தேவாலயத்தின் சுவருக்குப் போய்ச் சேர்ந்தது. ஆளுநர் மாளிகையாக 1869இல் முடிந்து இன்று அதிபரின் அலுவல் மாளிகையாக விளங்கும் இஸ்தானாவும் அவர்கள் உழைப்புத்தான்.

வங்காளத்திலிருந்து வந்த ஆயுள் கைதிகள் பலரின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றமும் தண்டனையும் பச்சை குத்தப்பட்டிருந்தன. 1849இல் அந்த வழக்கம் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் ஏற்கெனவே குத்தியதை யார் அழிப்பது? தலைப்பாகையை நெற்றிக்கு இறக்கிக் கட்டிக்கொண்டுதான் அவர்கள் கடைத்தெருவில் நடமாட வேண்டியிருந்தது. அப்படியும் விடுப்புச் சீட்டுப் பெற்றவர்களில் பலர் ஊருக்குள் கலந்துவிட்டார்கள். மாடு வளர்த்துப் பால் விற்றார்கள், வண்டி ஓட்டினார்கள், சிறு கடை வைத்தார்கள், மணம் செய்துகொண்டார்கள். கையில் தொழில் இருந்தது; ஊருக்கோ ஆள் தேவை இருந்தது. வளரும் துறைமுகத்தில் நல்ல தச்சன் எங்கிருந்து வந்தான் என்று கேட்டுக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. பின்னால் வந்த எந்தத் திட்டத்துக்கும் இவ்வளவு சாதகமான சூழல் அமையவில்லை.

இதைப் பொற்காலமாகப் பார்க்கவும் கூடாது. கூலியில்லாமல் பல ஆண்டுகள் உழைத்த பிறகுதான் அந்தச் சீட்டு. நோயிலும் சதுப்பு நிலத்து வேலையிலும் மாண்டவர்கள், சொந்த மண்ணையும் மனைவி மக்களையும் திரும்பப் பார்க்காமலே போனவர்கள் பல பேர். நகரத்தின் ஐரோப்பிய வணிகர்கள் கைதிகளின் உழைப்பை அனுபவித்தாலும் அவர்களைக் கண்டு அஞ்சினார்கள். 1857இல் வட இந்தியாவில் சிப்பாய்கள் எழுந்தபோது, சிங்கப்பூரிலும் கைதிகள் கிளம்பிவிடுவார்கள் என்று புரளி கிளம்பியது. இந்தியாவின் ஆபத்தான கைதிகளைத் தங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்ற குறை, சிங்கப்பூர்க் குடியேற்றத்தை இந்திய அரசிடமிருந்து பிரித்து நேரே லண்டனின் கீழ் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கைக்கு வலுச் சேர்த்தது. 1867 ஏப்ரல் 1ஆம் தேதி அது நிறைவேறியது. அந்தமானில் புதிய தீவாந்தரக் குடியிருப்பு 1858 முதலே இயங்கிவந்தது. 1873இல் சிங்கப்பூரின் கைதிகள் குடியிருப்பு கலைக்கப்பட்டு, எஞ்சிய கைதிகள் அங்கே அனுப்பப்பட்டார்கள்.

அதன் பிறகு வந்தது உள்ளூர்க் குற்றவாளிகளுக்கான சிறை. இங்கிலாந்துச் சிறைகளைப் பார்த்து அமைத்த அதில் தனியறை, கடும் உழைப்பு, ஐரோப்பியக் காவலர் எல்லாம் இருந்தன. படிப்படியாக மேலேறும் ஏணியும், வெளியே போனதும் கைகொடுக்கும் தொழிலும் மங்கிப்போயின. பேர்ல்ஸ் ஹில் சரிவில் இருந்த ஊட்ராம் சிறை நிரம்பி வழிந்ததால் 1936இல் சாங்கி சிறை கட்டப்பட்டது. ஜப்பானியர் காலத்தில் அது போர்க்கால அடைப்பிடமாகி உலகம் முழுக்கப் பெயர் பெற்றதில், அதன் சிறை வரலாறு பின்னுக்குப் போய்விட்டது. இந்த எழுபது ஆண்டுகளில் விடுதலையான கைதிக்கென்று அரசு செய்ததாகச் சொல்லக்கூடியது மிகக் குறைவு.

போருக்குப் பிறகே காற்று மாறியது. 1951இல் நன்னடத்தைக் கண்காணிப்புச் சட்டம் வந்தது. முதன்முறை தவறியவர்களையும் இளைஞர்களையும் சிறைக்கு அனுப்பாமல் அதிகாரி ஒருவரின் கண்காணிப்பில் வீட்டிலேயே விட அது வழிசெய்தது. 1956இல் சிங்கப்பூர்ப் பின்பராமரிப்புச் சங்கம் உருவாகியது. விடுதலையாகி வருகிறவனுக்கு மாற்றுத்துணி, தங்க இடம், வேலை தேடித்தருவது ஆகியவை தன்னார்வலர்கள் நடத்திய இந்தச் சங்கத்தின் தொடக்ககாலப் பணிகள். ஆனால் அந்த ஆண்டுகளில் நகரத்தை உலுக்கியது வேறு பிரச்சினை. ரகசியக் குண்டர் கும்பல்கள் தெருவுக்குத் தெரு மோதிக்கொண்டன. சாட்சி சொல்ல ஆள் வராததால் வழக்கு நிற்கவில்லை. 1955இல் இயற்றிய குற்றவியல் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ், விசாரணை இல்லாமலே கும்பல்காரர்களைப் பிடித்து அடைத்தார்கள். விடுதலைத் தேதி இல்லாத இளைஞர்கள் சாங்கி சிறையில் குவிந்தார்கள்.

1959இல் ஆட்சிக்கு வந்த மக்கள் செயல் கட்சி, சிறைகளை ஆராய ஒரு விசாரணைக் குழு அமைத்தது. தலைவர் தேவன் நாயர், பிற்காலத்தில் நாட்டின் அதிபரானவர். ஆங்கிலேயர் அவரையே காவலில் வைத்திருந்ததுண்டு. அடைபட்டவன் மனம் எப்படியிருக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அந்தச் சிந்தனையிலிருந்து பிறந்ததுதான் புலாவ் செனாங். சிங்கப்பூருக்குத் தெற்கே கடலில் இருந்த அந்தத் தீவில் மதிலும் கம்பிவேலியும் இல்லாத ஒரு குடியிருப்பு. 1960இல் முதல் 50 பேர் போய் இறங்கினார்கள். டேனியல் டட்டன் அதன் கண்காணிப்பாளர். எந்த மனிதனையும் உழைப்பு திருத்திவிடும் என்று அவர் முழுமனதாக நம்பினார்.

மூன்று ஆண்டுகளில் காடாக இருந்த இடத்தில் சாலைகள், தங்குமிடங்கள், பட்டறைகள், உணவகம், தோட்டம் எல்லாம் எழுந்தன. தீவில் ஏறத்தாழ 300 பேர் இருந்தார்கள். வெளிநாட்டினர் வந்து பார்த்துப் பாராட்டினார்கள். காவலர்களுக்குத் துப்பாக்கி வேண்டாம் என்பதில் டட்டன் உறுதியாக இருந்தார். 1963 ஜூலையில், வேலை நேரம் முடிந்த பிறகும் படகுத்துறை வேலையைத் தொடரச் சொன்னபோது தச்சர்கள் சிலர் மறுத்தார்கள். பதின்மூன்று பேர் சாங்கிக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஜூலை 12ஆம் தேதி, கட்டடம் கட்டவும் மண் கொத்தவும் கொடுத்த கோடரியும் மண்வெட்டியும் ஆயுதங்களாயின. ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலான கட்டடங்கள் எரிந்தன. டட்டனும் அவருடைய உதவியாளர் மூவரும் கொல்லப்பட்டார்கள். 58 பேர் மீது வழக்கு நடந்தது. 18 பேருக்குக் கொலைக்குற்றத்துக்காக மரண தண்டனை. 1965 அக்டோபரில் அனைவரும் தூக்கிலிடப்பட்டார்கள்.

புலாவ் செனாங் எதனால் தோற்றது என்பதை டட்டனின் அளவுமீறிய நம்பிக்கை என்ற ஒரே சொல்லில் பலரும் முடித்துவிடுகிறார்கள். அது முழு உண்மையாகாது. அங்கே உழைத்தவர்கள் தண்டனை பெற்றவர்கள் அல்ல, விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்கள். எப்போது வெளியே போகலாம் என்பது ஒருவரின் மதிப்பீட்டைப் பொறுத்தது. மறுபடி சாங்கிக்கு அனுப்பப்படுவதும் அப்படியே. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கைதிக்குக்கூட மேல்படியில் ஒரு சீட்டு காத்திருக்கிறது என்பது தெரியும். செனாங்கில் அந்த உறுதி இல்லை. திருத்தும் முயற்சி முழுதும் தீவுக்குள்ளேயே நடந்தது. கரைக்கு வந்த பிறகு பழைய தெரு, பழைய கும்பல், வேலை தராத முதலாளி எல்லாவற்றையும் அந்த மனிதன் எப்படிச் சமாளிப்பான் என்பதற்குத் திட்டத்தில் விடை கிடையாது. கலவரம் இல்லாமல் போயிருந்தாலும் இந்தக் குறை அப்படியேதான் இருந்திருக்கும்.

அந்த அதிர்ச்சியில் சிறைத்துறை பாதுகாப்பு, கட்டுப்பாடு என்ற பக்கம் சாய்ந்தது. இருந்தாலும் வேலைப் பயிற்சியைக் கைவிடவில்லை. 1976இல் ‘ஸ்கோர்’ என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்ட மறுவாழ்வுத் தொழில் நிறுவனம் சட்டப்படி அமைந்த வாரியமாக உருவாகியது. சிறைக்குள் இருந்த தொழிற்கூடங்களை அது எடுத்து நடத்தியது: ரொட்டி அடுமனை, மரவேலை, தையல், மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் பெரிய சலவைக்கூடம். இதே காலத்தில் ஹெராயின் நகருக்குள் நுழைந்து பரவியது. 1977இல் பெரிய அளவில் தேடுதல் வேட்டை நடத்தி, பிடிபட்டவர்களைப் போதை மறுவாழ்வு நிலையங்களுக்கு அனுப்பினார்கள். போதையை ஒரேயடியாக நிறுத்துவது, பிறகு உடற்பயிற்சி, ஒழுங்கு, வேலை என்பது அங்கிருந்த முறை. வெளியே வந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பவும் அதே நிலையத்துக்கே வந்தார்கள். பல முறை பிடிபட்டவர்களுக்கென்று 1998இல் நீண்டகாலச் சிறையும் பிரம்படியும் கொண்ட தனித் தண்டனை முறை வந்தது. இன்றுவரை சிங்கப்பூர்ச் சிறைகளில் இருப்போரில் பெரும்பங்கினர் போதைப்பொருள் குற்றத்துக்காக அடைபட்டவர்களே.

மதநிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் நடத்திய மறுவாழ்வு இல்லங்கள் இந்த இடைக்காலத்தில் வளர்ந்தன. விடுதலைக்கு முந்தைய கடைசி மாதங்களைக் கைதி அங்கே கழிப்பார். பகலில் வெளியே வேலை, இரவில் இல்லம். கிறிஸ்தவ அமைப்புகள் பல இல்லங்களை நடத்தின. வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் தொழிலை நடத்திச் செலவைத் தாங்களே ஈட்டிக்கொண்ட இல்லமும் உண்டு. முஸ்லிம் அமைப்புகளும் இல்லங்கள் தொடங்கின. இந்து அறக்கட்டளை வாரியம் நடத்திவந்த ‘ஆசிரமம்’ இந்தியக் கைதிகளுக்குப் பழகிய சூழலாக அமைந்தது. 1989இல் முன்னாள் கைதிகளுக்கென்று ‘இஸ்கோஸ்’ என்ற கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அரசின் கை மதிலுக்குள் இருந்தது, சமூகத்தின் கை மதிலுக்கு வெளியே இருந்தது. இரண்டையும் இணைக்க ஆளில்லை.

1990களின் முடிவில் நிலைமை முற்றியது. சிறைகள் நெரிசலாயின. வேலைக்கு ஆள் கிடைக்காமல், இருக்கும் அதிகாரிகளும் சோர்ந்திருந்தார்கள். 1998இல் விடுதலையானவர்களில் 44.4 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டுகளுக்குள் மறுபடி சிறைக்கு வந்தார்கள். அந்த ஆண்டு சிறைத்துறை இயக்குநராகப் பொறுப்பேற்ற சுவா சின் கியாட், துறை எதற்காக இருக்கிறது என்ற அடிப்படைக் கேள்வியைத் தன் அதிகாரிகளிடமே கேட்டார். மேலிருந்து ஓர் ஆணையை இறக்காமல், கீழ்நிலைக் காவலர்கள் வரை பல சுற்று உரையாடல் நடத்தினார்கள். பூட்டுவதும் எண்ணுவதும் மட்டும் தங்கள் வேலை அல்ல, காவலில் இருப்பவர்களின் வாழ்க்கையைத் திசைதிருப்புவதும் தங்கள் வேலைதான் என்ற முடிவுக்கு அதிகாரிகளே வந்தார்கள். அதிகாரிகளை ‘வாழ்க்கைகளின் மாலுமித் தலைவர்கள்’ என்று அழைக்கும் முழக்கம் அப்போது பிறந்தது.

முழக்கத்தோடு நின்றிருந்தால் எழுதிவைக்க ஒன்றுமிருக்காது. நடைமுறையும் மாறியது. சீருடைக்காரர் ஒவ்வொருவரிடமும் குறிப்பிட்ட கைதிகள் ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்களுடைய குடும்பம், குற்றம், பயம், விடுதலைக்குப் பிந்தைய திட்டம் எல்லாம் அந்த அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். யார் திரும்பக் குற்றம் செய்யக்கூடும் என்பதைக் கணிக்கும் முறைகளை உளவியலாளர்கள் கொண்டுவந்தார்கள். ஆபத்து அதிகம் உள்ளவருக்கே தீவிரச் சிகிச்சையும் பயிற்சியும் என்று இடமும் நேரமும் ஒதுக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டு காக்கி புக்கிட்டில் சிறைப்பள்ளி ஒன்று திறந்தது. அங்கே படித்துச் சாதாரண நிலை, மேல்நிலைத் தேர்வுகளை எழுதியவர்கள், பல்கலைக்கழகம்வரை போனவர்கள் உண்டு. அதே ஆண்டு மே மாதம் உள்துறை, சமூக மேம்பாட்டு அமைச்சு, சிறைத்துறை, ஸ்கோர், பின்பராமரிப்புச் சங்கம், போதை எதிர்ப்புச் சங்கம் முதலியவை ‘கேர்’ என்ற வலையமைப்பில் ஒன்றுசேர்ந்தன. ஒரே மனிதனின் கோப்பு நாலு அலுவலகத்தில் நாலு விதமாகக் கிடந்த நிலைக்கு இதனால் ஒரு முடிவு வந்தது. சிறை வாசலுக்கு இரு பக்கமும் நின்றவர்கள் ஒரே மேசைக்கு வந்தது, இந்த வரலாற்றில் முதல்முறை.

எஞ்சியது பொதுமக்களின் மனம். அதை மாற்ற 2004இல் மஞ்சள் நாடா திட்டம் தொடங்கியது. சிறையிலிருந்து திரும்பும் ஒருவன், தன்னை ஏற்றுக்கொள்வதானால் மரத்தில் மஞ்சள் நாடா கட்டும்படி மனைவியிடம் கேட்பதாக 1970களின் பிரபலமான அமெரிக்கப் பாட்டொன்று உண்டு. திட்டத்துக்குப் பெயர் அதிலிருந்து வந்தது. தொடங்கிவைத்தவர் அப்போதைய அதிபர் எஸ். ஆர். நாதன். மருத்துவமனைச் சமூகப்பணியாளராக அரசு வேலையில் சேர்ந்த அவருக்கு, நொந்துபோன குடும்பங்களின் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது கேள்விஞானமல்ல. கைதிக்கு இரண்டு சிறை உண்டு, முதலாவதற்குச் சாவி அரசிடம், இரண்டாவதற்குச் சாவி ஊராரிடம் என்ற கருத்தை விளம்பரங்கள் வீடுதோறும் கொண்டுசென்றன. முன்னாள் கைதிகள் தங்கள் முகத்தை மறைக்காமல் தொலைக்காட்சியில் பேசினார்கள். 2005இல் இயக்குநர் ஜாக் நியோ, விடுதலையானவர்களின் கதையைத் திரைப்படமாக எடுத்தார். 2009 முதல் ஆண்டுதோறும் மஞ்சள் நாடா ஓட்டம் நடக்கிறது. ஆயிரக்கணக்கானோர் ஓடி வந்து முடிக்கும் இடம் சாங்கி சிறை வளாகம். கடந்து போகவே மக்கள் தயங்கிய இடத்துக்குள், குழந்தைகளை அழைத்துக்கொண்டு குடும்பத்தோடு வந்து, கைதிகள் செய்த கைவினைப் பொருள்களையும் ஓவியங்களையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

பச்சை குத்தியதை அழிக்கும் உதவியும் இத்திட்டத்தின் ஒரு பகுதி. கும்பலில் சேர்ந்த நாளில் கழுத்திலும் விரல்களிலும் குத்திக்கொண்ட சின்னம், நேர்முகத் தேர்வில் உட்கார்ந்த உடனே காட்டிக்கொடுத்துவிடும். லேசர் சிகிச்சைக்கு ஆகும் செலவு பெரிது. அதில் ஒரு பங்கை ஏற்று, பழைய குறிகளை நீக்க வழிசெய்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் கைதியின் நெற்றியில் குற்றத்தை எழுதியது அரசு. இப்போது அரசின் துணையோடு இயங்கும் நிதியே உடலில் எழுதியதைத் துடைக்கிறது. ஒன்றேமுக்கால் நூற்றாண்டில் தண்டனையைப் பற்றிய எண்ணம் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று கிடைப்பது அரிது.

ஏட்டில் இருக்கும் குறியை நீக்கச் சட்டம் தேவைப்பட்டது. குற்றவாளிகள் பதிவுச் சட்டம் 2005இல் திருத்தப்பட்டது. மூன்று மாதத்துக்கு மிகாத சிறையோ 2,000 வெள்ளிக்கு மிகாத அபராதமோ பெற்றவர், ஐந்து ஆண்டுகள் குற்றமின்றி வாழ்ந்தால் அந்தப் பதிவு காலாவதியானதாகக் கொள்ளப்படும். குற்றப்பதிவு உண்டா என்று கேட்டால் இல்லை என்று சொல்ல அவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. கடுங்குற்றங்களுக்கு இது பொருந்தாது. பெரிய தண்டனை அனுபவித்தவர்களுக்கே இந்த உதவி அதிகம் தேவை என்பதை நினைத்தால், இந்த வரம்பு குறுகியதுதான்.

2014 ஜூலையில் வந்த இரண்டு ஏற்பாடுகள் இன்னும் ஆழமானவை. முன்பு தண்டனையில் மூன்றில் இரண்டு பங்கை முடித்தவர், எஞ்சியது தள்ளுபடியாகி நிபந்தனையின்றி வெளியேறுவார். புதிய முறையில் அந்தத் தள்ளுபடிக்கு நிபந்தனை உண்டு. மீதிக் காலத்துக்குள் மறுபடி குற்றம் செய்தால் பழைய பாக்கியையும் சேர்த்து அனுபவிக்க வேண்டியிருக்கும். மீண்டும் தவறும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களுக்குக் கட்டாயப் பின்பராமரிப்பு: முதலில் மறுவாழ்வு இல்லம், அடுத்து வீட்டுக் கண்காணிப்பு, பிறகு அதிகாரியைக் குறித்த நாளில் சந்தித்தால் போதும் என்ற நிலை. 1845இல் பட்டர்வொர்த் காலத்து விதிகளில் இருந்த அதே ஏணி, இப்போது வாசலுக்கு வெளியே நீட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அரசே நேரடியாக நடத்தும் முதல் மறுவாழ்வு இல்லம் 2019இல் செலராங்கில் திறந்தது.

வேலை தேடித்தரும் பணியிலும் மாற்றம் வந்தது. கைதிகளை வேலைக்கு எடுக்க முன்வந்த முதலாளிகளின் பட்டியல் ஆயிரக்கணக்கில் நீண்டது. ஆனால் கிடைத்தவை பெரும்பாலும் உணவகம், கிடங்கு, துப்புரவு போன்ற வேலைகள். சம்பளம் குறைவு, நேரம் அதிகம்; சில மாதங்களில் விட்டுவிட்டுப் பழைய நண்பர்களிடம் போகிறவர்கள் குறையவில்லை. முதல் வேலையைவிட அடுத்த ஆண்டும் வேலையில் இருப்பதுதான் கடினம் என்று அனுபவம் சொன்னது. அதனால் துல்லியப் பொறியியல், ஊடகம், சரக்குப் போக்குவரத்து ஆகிய துறைகளின் பயிற்சிக்கூடங்கள் சிறைக்குள்ளேயே அமைக்கப்பட்டன. விடுதலைக்குப் பிறகும் அதே துறையில் படிப்பையும் பதவியையும் உயர்த்திக்கொள்ள உதவி தொடர்கிறது. ஸ்கோர் 2020 மே 1ஆம் தேதி ‘யெல்லோ ரிப்பன் சிங்கப்பூர்’ என்று பெயர் மாறியது. 2023இல், குற்றத்தைக் கைவிட்டு நிலைத்தவர்களையும் அந்த முயற்சியில் இருப்பவர்களையும் ஒன்றுசேர்க்கும் வலையமைப்பு ஒன்று உருவாகியது. அங்கே முன்னாள் கைதியே புதிதாக வருகிறவனுக்கு வழிகாட்டி.

இவற்றின் பலனைச் சிறைத்துறை ஆண்டுதோறும் ஒரு விழுக்காட்டில் வெளியிடுகிறது. 1998இல் 44.4 ஆக இருந்த இரண்டு ஆண்டு விகிதம், 2019இல் விடுதலையானவர்களைப் பொறுத்தவரை 20 விழுக்காட்டுக்கு வந்தது. 2020க்கு 20.4, 2021க்கு 22. ஐந்தில் ஒருவர் என்ற இந்த அளவு உலக அளவில் தாழ்ந்தவற்றுள் ஒன்று. ஆனால் நாடுகள் ‘திரும்புதல்’ என்பதை வெவ்வேறாக வரையறுப்பதால் ஒப்பீடு எளிதல்ல. கைதானதை எண்ணும் நாடும் உண்டு, தண்டனை பெற்றதை மட்டும் எண்ணும் நாடும் உண்டு. இரண்டு ஆண்டு என்ற எல்லையைத் தாண்டிப் பார்த்தாலும் படம் மாறுகிறது. ஐந்து ஆண்டுகளில் திரும்புகிறவர்களின் விகிதம் 40 விழுக்காட்டை ஒட்டியே இருந்துவந்திருக்கிறது. கண்காணிப்பும் உதவியும் நெருக்கமாக இருக்கும் முதல் இரண்டு ஆண்டுகளைக் கடந்து, அவை தளரும் மூன்றாம், நான்காம் ஆண்டில் பலர் வழுக்கி விழுகிறார்கள். இவர்களில் கணிசமானோர் போதைக்குத் திரும்பியவர்கள். அதனால்தான் அண்மை ஆண்டுகளில் சிறைத்துறை, தன்னார்வலர்களையும் மறுவாழ்வு இல்லங்களையும் கட்டாயக் கண்காணிப்புக் காலம் முடிந்த பிறகும் தொடர்பில் இருக்கச் சொல்கிறது. கைதியின் மனைவி மக்களுக்கான உதவியும், பிள்ளைகளின் படிப்பும், அப்பா சிறையிலிருக்கும்போதே தொடங்கிவிடுகின்றன. அந்தப் பகுதியிலேயே வாழும் தன்னார்வலர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறார்கள். சிண்டா போன்ற இந்தியச் சமூக அமைப்புகளும் இந்தக் குடும்பப் பணியில் இணைந்திருக்கின்றன.